.50 ஹாக்கனும் எல்க் சீட்டும்: எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு?

மலைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். கொலராடோ வேட்டை அனுமதிக் குலுக்கலில் எனக்குப் பெண் எல்க் (பெரிய மான் இனம்) சீட்டு விழுந்திருக்கிறது, செப்டம்பர் மஸில்லோடர் பருவத்துக்கு. இதுவரை மான், காட்டுப்பன்றி எல்லாம் சாதாரண ரைஃபிளில்தான். வாய்ப்பக்கம் வெடிமருந்து கெட்டிக்கிற இந்த மஸில்லோடர் துப்பாக்கி எனக்குப் புதிது.

கையில் இருப்பது பழைய ஹாக்கன் வகை. .50 கேலிபர், 28 அங்குலக் குழல், ரைஃப்ளிங் (குழலுக்குள் ஓடும் திருகு வரி) 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பக்கவாட்டுச் சுத்தியல், 11ஆம் நம்பர் கேப் (சுத்தியல் அடித்தால் நெருப்பு தருகிற சிறு மூடி), இரும்புக் குறி. இப்போதைக்கு 2எஃப் (நடுத்தரத் துகள்) கருமருந்து 90 கிரெயின் (15 கிரெயின் ஏறத்தாழ ஒரு கிராம்), .490 உருண்டைக் குண்டு, அதைச் சுற்ற .015 அங்குலத் துணி. 50 யார்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் "எல்க்குக்கு 120 போடு, அப்பதான் வேலை செய்யும்" என்கிறார். போடலாமா? உருண்டையா, கூர்க்குண்டா? எத்தனை யார்டு வரை சுடலாம்?

---

ஈயக்கொல்லர் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. 120 போட வேண்டாம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம்.

கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் ஸ்கோப் கூடாது, சிவப்புப் புள்ளிக் குறி கூடாது, மாத்திரையாக வரும் மருந்து கூடாது, குண்டைச் சுற்றும் பிளாஸ்டிக் உறையான சாபோ கூடாது. உதிரி மருந்துதான். எல்க்குக்குக் குறைந்தது .50 கேலிபர். .50 வரை குண்டு 170 கிரெயினாவது இருக்கணும், அதற்கு மேற்பட்ட கேலிபர் என்றால் 210. குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் .490 உருண்டை சுத்த ஈயத்தில் 177 கிரெயின் வரும், மயிரிழையில் தேறிவிடும். துணி சாபோ கணக்கில் வராது, பயப்படாதீர்கள். இருந்தாலும் இந்த வருடக் கையேட்டை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள், விதிகள் மாறும்.

இப்போது மருந்து. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகக் குழலிலேயே தங்கும், இல்லையென்றால் புகையாக வெளியே போகும். அந்த 28 அங்குலத்துக்குள் எரிந்து முடிகிற அளவுக்கு மேல் போட்டால், மிச்சம் குழல் வாசலுக்கு வெளியே நெருப்பாகப் போகுமே தவிர குண்டைத் தள்ளாது. உதை கூடும், சிதறல் கூடும், ஊதிப்போன துணி கூடும். சரி, கொஞ்சம் வேகம் கூடத்தானே செய்கிறது என்பீர்கள். உருண்டைக்கு அதிலும் பெரிய லாபமில்லை, காற்று அதை அப்படிப் பிடித்து இழுக்கும். வாசலில் நொடிக்கு 2,000 அடி வேகத்தில் கிளம்பியதும் 1,700இல் கிளம்பியதும் 100 யார்டு போய்ச் சேரும்போது இரண்டுக்கும் நடுவே 100 அடி வித்தியாசம்கூட மிஞ்சாது. அந்த நூறுக்காகத் தோளைப் புண்ணாக்கிக்கொண்டு தட்டு அகலச் சிதறலையும் வாங்குவானேன்?

60இல் தொடங்குங்கள். ஐந்தைந்து கிரெயினாக ஏற்றுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து குண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் துடைப்பு. எங்கே கூட்டம் இறுகுகிறதோ அங்கே நில்லுங்கள். துப்பாக்கி தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவை எந்தக் காரணத்துக்கும் தாண்ட வேண்டாம். பழைய துப்பாக்கி, குறிப்பேடு இல்லை என்றால் அதே மாடலுக்கான அளவைத் தேடிப் பிடித்த பிறகுதான் சுடணும்.

---

பழையகுழல் எழுதியது:

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருகிற தீக்கல் துப்பாக்கிப் பருவத்தில் பல வருடமாகச் சுடுகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். சுட்ட துணிகளைப் பொறுக்கிப் பார்த்தீர்களா?

வாசலுக்கு முன்னால் சில கெஜத்தில் கிடக்கும். எல்லோரும் இலக்குத் தாளையே முறைக்கிறார்கள், விடை தரையில் கிடக்கிறது. நல்ல துணி எப்படி இருக்கும் என்றால், நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் சாம்பல் நிறத்தில், அதைச் சுற்றி ரைஃப்ளிங் மேடுகள் அழுத்திய கோடுகள், ஓரம் லேசாகப் பிரிந்திருக்கும். திரும்ப ஒருமுறை பயன்படுத்தலாம் போலத் தோன்றும் (பயன்படுத்தாதீர்கள்).

வட்டத்தின் ஓரத்தில் வளையமாகக் கருகி ஓட்டை விழுந்திருந்தால் வாயு குண்டைத் தாண்டிப் போகிறது. துணி மெல்லிசு, அல்லது பூச்சு காய்ந்துவிட்டது, அல்லது மருந்து அதிகம். நேர்க்கோடாகக் கத்தி போட்டது போல் கிழிந்திருந்தால் வாசல் விளிம்போ மேடுகளோ கூர்மையாக இருக்கிறது, மெல்லிய ஸ்டீல் உல்லால் தேய்க்கணும். துணியே கிடைக்கவில்லை, நூல் நூலாகத்தான் கிடைக்கிறது என்றால் மருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் துணியை மாற்றுங்கள்.

.015க்குப் பதில் .018 தலையணை உறைத்துணி. புதிதாக வாங்கியதைத் துவைத்துக் கஞ்சியைப் போக்கிய பிறகு அளவெடுங்கள். பூச்சுக்குத் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் போதும். பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், கருமருந்துக் கசடோடு சேர்ந்து தாரைப் போல் பிடித்துக்கொள்ளும்.

---

வன்னிக்காடு எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுறன். எங்கட ஊரில இடியன் துவக்கு எண்டு ஒண்டு இருந்தது, அப்பப்பா வைச்சிருந்தவர். உள்ளங்கையில மருந்தைக் கொட்டி ஒரு குத்துமதிப்பு, தேங்காய் நார் வைச்சு இடி, அதுக்கு மேல சன்னம், திரும்ப நார். அளவுகோல் எல்லாம் கையும் கண்ணும்தான். இங்க ஒன்டாரியோவில மஸில்லோடர் பருவத்துக்குப் போகத் தொடங்கினபோது அந்தப் பழக்கத்தை முதலில கைவிடச் சொன்னார்கள்.

தம்பி, கம்பியால இடிக்க வேண்டாம். துள்ளத் துள்ளப் போட்டு இடிச்சால் உருண்டை சப்பளிஞ்சு போகும், மருந்துத் துகளும் நொருங்கும். ஒரே சீரான அழுத்தம், குண்டு மருந்தில முட்டினது கையில தெரியும், அவ்வளவுதான். முட்டின இடத்தில கம்பியில ஒரு கோடு போடுங்கோ. வெறும் குழலுக்கு ஒரு கோடு, மருந்தும் குண்டும் ஏறினதுக்கு இன்னொரு கோடு. கோடு மேலே நிண்டால் குண்டு மருந்தில முட்டேல்லை, நடுவில வெளி இருக்கு. அப்பிடிச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். கையும் போகும்.

---

ஈயக்கொல்லர் எழுதியது:

வன்னிக்காடு சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கொம்பிலிருந்தோ குப்பியிலிருந்தோ நேராகக் குழலுக்குள் ஊற்றவே கூடாது. உள்ளே ஒரு தணல் மிஞ்சியிருந்தால் கையில் இருக்கும் குப்பி முழுக்க வெடிக்கும். அளவுக்குழாயில் எடுத்து அதிலிருந்துதான் ஊற்றணும். சாதாரண ரைஃபிள் தோட்டாவில் போடுகிற புகையில்லா மருந்து இந்தக் குழல்களுக்கு எமன். ஒரு துளிகூடக் கூடாது.

---

டென்வர்சாந்தி எழுதியது:

மலைக்காற்று, நான் இந்த மாநிலத்துக்காரி, இதே பருவத்தில் போகிறவள். எல்க்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லட்டுமா? மானை மனதில் வைத்து வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

வளர்ந்த பெண் எல்க் 200 கிலோவைத் தாண்டும். ஆண் என்றால் 300க்கு மேல். நுரையீரல் பெரிது, இலக்கு என்ற முறையில் மானைவிட எளிது. ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற தோலும் விலாவும் தோளெலும்பும் வேறு ரகம். 177 கிரெயின் உருண்டை 100 யார்டில் போய்ச் சேரும்போது நொடிக்கு 1,100 அடிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும், ஆற்றல் 500 அடி-பவுண்டுக்குள். விலாவுக்கு நடுவே போனால் வேலையை முடிக்கும். தோளெலும்பில் பட்டால் முடிக்காது.

நான் போடுவது 385 கிரெயின் குழிவடிக் கூர்க்குண்டு, அதாவது அடிப்பக்கம் குழிந்தது. நொடிக்கு 1,400 அடியில் கிளம்பும், கிட்டத்தட்ட 1,700 அடி-பவுண்டு. 100 யார்டிலும் ஆயிரத்தை ஒட்டி மிஞ்சும். கனம் இருப்பதால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும், இரண்டு ஓட்டையிலும் ரத்தம் விழும், தடம் பிடிக்க அது பெரிய உதவி. உங்கள் 48க்கு ஒன்று சுற்று இரண்டுக்கும் நடுவாந்தரம். உருண்டைக்கு 60, 66 மாதிரி மெதுவான சுற்று சரி, நீளக் குண்டுக்கு 28, 32 மாதிரி வேகச் சுற்று சரி. 48இல் 385 வரை பெரும்பாலும் நிலைக்கும், அதற்கு மேல் நீளமானது பக்கவாட்டில் திரும்பித் தாளில் சாவித்துவாரம் போல் ஓட்டை போடும். சுட்டுத்தான் பார்க்கணும்.

---

பழையகுழல் எழுதியது:

சாந்தி அக்கா, உருண்டையை இவ்வளவு லேசாக ஒதுக்குவது நியாயமில்லை. ராக்கி மலையில் பீவர் பிடிக்கப் போனவர்கள் கையில் இருந்தது உருண்டைதான். செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்து கொடுத்த துப்பாக்கியில் எல்க்கும் காட்டெருமையும் விழவில்லையா?

---

டென்வர்சாந்தி எழுதியது:

விழுந்தன தம்பி. அவர்கள் .54, .53 போட்டார்கள், நிறையப் பேர் 50, 60 யார்டுக்குள் நெருங்கினார்கள். ஒன்று தப்பினால் அடுத்ததைப் பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்க மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக் குறிப்புகளில் கிரிஸ்லி கரடி உடம்பெல்லாம் குண்டு வாங்கியும் ஆட்களைத் துரத்திய கதை வருகிறதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

.54இல் .530 உருண்டை என்றால் 224 கிரெயின். அது வேறு பேச்சு, நானே ஒத்துக்கொள்வேன். .50 உருண்டையோடு எல்க்குக்குப் போகிறவரிடம் நான் சொல்வது 60 யார்டு, பக்கவாட்டில் நிற்கணும், முன்னங்கால் அசைந்து முன்னே போன நொடியில் அதன் பின்னால். அந்தக் கட்டுப்பாடு இருந்தால் எடுத்துப் போங்கள். இருக்காது என்று தோன்றினால் கூர்க்குண்டு.

---

பழையகுழல் எழுதியது:

60 யார்டு எனக்குச் சம்மதம்தான். எங்கள் பக்கம் அதற்கு மேல் மரமே மறைத்துவிடும், அதனால் எனக்கு அது கட்டுப்பாடாகவே தோன்றியதில்லை :)

---

புதுவிசா எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கணும். நான் எச்1பி. இதெல்லாம் எனக்கு உண்டா?

---

ஈயக்கொல்லர் எழுதியது:

கூட்டாட்சிச் சட்டப்படி குடியேற்றமில்லா விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆனால் மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. தவிர, 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வழக்கமான மஸில்லோடர் 'பழம்பொருள்' வகையில் வருவதால் அந்தச் சட்டத்தின் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வராது. குழல் மாற்றி நவீனத் துப்பாக்கியாக்க முடிகிற மாடல்கள் இந்தச் சலுகையில் இல்லை. மாநிலச் சட்டம் தனி, சில மாநிலங்கள் இதையும் துப்பாக்கியாகவே பார்க்கும். விசா என்பது விளையாட்டில்லை, கடைக்காரர் சொன்னார், ஃபோரத்தில் சொன்னார்கள் என்று இறங்காமல் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். வேட்டைப் பாடமும் முடிக்கணும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் அது கட்டாயம்.

---

முருங்கைக்கீரை எழுதியது:

ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்ல இத்தனை கணக்கா? இந்தியாவில் 1972லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

---

நெறியாளர் எழுதியது:

இந்தக் கேள்விக்குப் பொதுப்பகுதியில் ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது, அங்கே தாராளமாகப் பேசலாம். இங்கே மருந்து, குண்டு மட்டும்.

---

மலைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போய்த் துணிகளைப் பொறுக்கினேன். பழையகுழல் சொன்னதேதான், வளையமாகக் கருகி நடுவில் நிலா மாதிரி ஓட்டை. .018க்கு மாறி 70 கிரெயினுக்கு இறக்கினதும் 50 யார்டில் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. 20 கிரெயினைக் குறைத்தால் சிதறல் இப்படிச் சுருங்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடையில் 2எஃப் தீர்ந்துபோய் 3எஃப்பும், டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்தும்தான் இருக்கிறதாம். அதே 70 போடலாமா? டிஜிட்டல் தராசு வைத்திருக்கிறேன், நிறுத்துப் போட்டால் துல்லியமாக இருக்குமே?

---

ஈயக்கொல்லர் எழுதியது:

தராசை மூடி வையுங்கள். இங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மஸில்லோடரில் 'கிரெயின்' என்று சொல்கிறபோது அது கருமருந்தின் எடை. அளவுக்குழாயை 80க்கு வைத்தால் கருமருந்து ஏறத்தாழ 80 கிரெயின் எடை பிடிக்கும். மாற்று மருந்துகள் அதே கொள்ளளவுக்குச் செய்யப்பட்டவை, எடைக்கு இல்லை. பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்து கருமருந்தைவிடச் சுமார் 30 சதவீதம் லேசு. தராசில் 80 நிறுத்துப் போட்டால் கொள்ளளவில் 110ஐத் தாண்டியிருக்கும். நீங்கள் 80 என்று நினைத்துக்கொண்டு 110 சுடுவீர்கள். அதனால் மாற்று மருந்து எதுவாக இருந்தாலும் அளவுக்குழாய்தான்.

டிரிபிள் செவன் இன்னும் சூடானது. கருமருந்தின் அதே வேகம் வேண்டுமென்றால் கொள்ளளவில் 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். 70க்குப் பதில் 60. அதற்குப் பற்றுகிற வெப்பநிலையும் கூடுதல், 11ஆம் நம்பர் கேப்பில் சில துப்பாக்கிகள் 'டிக்' என்று சொல்லிவிட்டு அரை நொடி கழித்து வெடிக்கும். இரும்புக் குறியில் அந்த அரை நொடி எல்க்குக்குப் போதும், உங்களுக்குப் போதாது.

3எஃப் நல்ல கருமருந்துதான், துகள் சிறிது, வேகமாக எரியும், அழுத்தம் கூடும். 10 முதல் 15 சதவீதம் குறைத்துத் தொடங்கி மேலே போங்கள். உருண்டைக்கு .50இல் பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள், கசடும் குறைவு. 385 கனக் குண்டுக்குப் பின்னால் நான் 2எஃப்தான் போடுவேன். கனமான குண்டு மெதுவாகக் கிளம்பும், அதற்குப் பின்னால் வேக மருந்து எதற்கு?

ஒரு மருந்து, ஒரு டப்பா. மாற்றினால் கணக்கு முதலிலிருந்து.

---

டென்வர்சாந்தி எழுதியது:

துடைப்பைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. ஈரத்துணி ஒருமுறை உள்ளே, வெளியே, பிறகு காய்ந்த துணி. ஈரம் என்றால் நாக்கில் தொட்ட ஈரம், சொட்டக் கூடாது. சொட்டினால் கசடு குழம்பாகி அடியில் போய்க் கேப்பின் நெருப்பு வருகிற துவாரத்தை அடைக்கும். அப்புறம் கேப் வெடிக்கும், துப்பாக்கி வெடிக்காது. அப்படி ஆனால் குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருங்கள். உடனே திருப்பிப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, எல்க் காட்டில் முதல் குண்டு சுத்தமான குளிர்ந்த குழலிலிருந்துதான் போகும். ரேஞ்சில் மூன்றாவது நான்காவது குண்டு எங்கே விழுகிறது என்பது காட்டுக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் ரேஞ்சுக்குப் போனவுடன் சுடுகிற முதல் குண்டுக்கு மட்டும் தனித் தாள் வையுங்கள், தேதி போட்டு. குறியை அந்தத் தாளுக்குச் சரிசெய்யுங்கள்.

---

கண்டோர்காதலன் எழுதியது:

கலிபோர்னியாக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: இங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது, மஸில்லோடருக்கும் சேர்த்து. செம்புக் குண்டு ஈயம் மாதிரி மென்மையில்லை, ரைஃப்ளிங்கில் அழுந்தாது, லேசும்கூட. மேலே சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

---

மலைக்காற்று எழுதியது:

2எஃப் வேறு கடையில் கிடைத்துவிட்டது. 385 குழிவடியோடு 60இலிருந்து ஏறினேன். 70இல் சுமார், 75இல் பரவாயில்லை, 80இல் இறுகிவிட்டது: 75 யார்டில் மூன்று அங்குலத்துக்குள். 85இல் திரும்ப விரிந்தது, 90இல் தோள் "போதும்டா" என்றது. 80இல் நிற்கிறேன். சுத்தக் குழலின் முதல் குண்டு மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரே போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் அங்கேயேதான். அதற்கே குறி வைத்துவிட்டேன், 100 யார்டுக்கு.

சந்தேகம் ஒன்று. 150இல் நின்றால் எவ்வளவு மேலே பிடிக்கணும்?

---

டென்வர்சாந்தி எழுதியது:

பிடிக்க வேண்டாம், சுட வேண்டாம். 1,400 அடியில் கிளம்பும் குண்டை 100 யார்டுக்குக் குறி வைத்தால் 50இல் மூன்று அங்குலம் உயரே இருக்கும். 150இல் ஒரு சாணுக்கு மேல் கீழே இறங்கிவிடும். 120 என்று நினைத்தது 150ஆக இருந்தால் வயிற்றில் படும், அல்லது காலில். மலைச்சரிவில் இரும்புக் குறியோடு அந்த 30 யார்டைக் கண்ணால் கணிக்க முடிகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. லேசர் தூரமானி எடுத்து வாருங்கள், நீங்கள் உட்காருகிற இடத்திலிருந்து மூன்று நான்கு மரங்களை முன்கூட்டியே அளந்து வையுங்கள். 100க்கு இந்தப் பக்கம் உள்ள மரத்தைத் தாண்டி வந்தால் சுடுங்கள்.

சுட்டதும் முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி புகை எழும், எதுவும் தெரியாது. காற்றில்லாத காலையில் நிறைய நேரம் நிற்கும். உடனே பக்கவாட்டில் குனிந்து, புகைக்குக் கீழே எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள், காதையும் தீட்டி வையுங்கள். பிறகு அங்கேயே நின்று அடுத்ததைக் கெட்டியுங்கள். கெட்டிக்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம். நல்ல அடி வாங்கிய எல்க்கும் சிறிது தூரம் நடந்துதான் படுக்கும், உடனே துரத்தினால் எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அரை மணி பொறுங்கள்.

---

வன்னிக்காடு எழுதியது:

துணி சுத்தாத கூர்க்குண்டில ஒரு வில்லங்கம் இருக்கு, இதை ஆரும் எழுதேல்லை. தோளில துவக்கை வாய் கீழாய் தொங்கப் போட்டு நடந்தால், குலுங்கிக் குலுங்கி குண்டு மருந்தை விட்டு முன்னுக்கு நகரும். காலமை கெட்டினது மத்தியானம் ரெண்டு அங்குலம் வெளியே வந்து நிக்கும். வாய் மேலாய்த்தான் கொண்டுபோக வேணும். இடைக்கிடை, கேப்பைக் கழட்டிப்போட்டு, கம்பியை விட்டு அந்தக் கோட்டைப் பாருங்கோ. ஏறி நிண்டால் தள்ளி இருத்திப்போட்டுத்தான் மிச்சம் நடை.

---

ஈயக்கொல்லர் எழுதியது:

இது முக்கியம். இதையும் ரேஞ்சிலேயே பார்த்துவிடலாம் தம்பி: கெட்டித்த துப்பாக்கியைக் கேப் இல்லாமல், பாதுகாப்பான திசையில் வாய் கீழாகப் பிடித்துக் குதிகாலால் தரையை மெல்ல உதைத்து, கம்பியை விட்டு அளந்து பாருங்கள். உங்கள் குழலில் அந்தக் குண்டு எவ்வளவு இறுக்கம் என்று தெரிந்துவிடும். நகர்ந்தால் அதே அச்சில் சற்றுப் பெரிதாக வார்த்த குண்டைத் தேடுங்கள். சுத்த ஈயமாக இருக்கணும். சக்கர எடை ஈயம் கடினம், குழல் மேடுகளில் அழுந்தாது, இறக்கவே சுத்தியல் கேட்கும்.

காலையில் கெட்டிக்கும் முன் இரண்டு கேப்பைச் சும்மா வெடித்துவிடுங்கள், ஒரு இலையை வாசல் முன் பிடித்தால் அசையும். அசைந்தால் துவாரம் திறந்திருக்கிறது, எண்ணெய் எரிந்துவிட்டது. பிறகு ஒரு காய்ந்த துணி, அப்புறம் மருந்து.

மாலையில் சுடாமல் திரும்பினால், நாளைக்கும் அதே மருந்து என்று விடாதீர்கள். கேப்பைக் கழற்றி, கூடாரத்திலிருந்து தள்ளிப் போய், மண் மேட்டில் சுட்டுத் தீர்த்து, சூடான சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்ட கருமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் செந்துருவாக்கும். கூடாரக் கதகதப்புக்குள்ளும் குளிருக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் குழலுக்குள் வியர்க்கும், அதனால் துப்பாக்கி இரவில் வெளியேதான் இருக்கணும்.

---

மலைக்காற்று எழுதியது:

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. டல்லாஸிலிருந்து டென்வருக்கு விமானத்தில் வரலாம் என்றிருக்கிறேன். துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் போடலாம், தெரியும். மருந்து டப்பா?

---

டென்வர்சாந்தி எழுதியது:

கருமருந்தும் கூடாது, மாற்று மருந்தும் கூடாது, கேப்பும் கூடாது. கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. குண்டும் துணியும் மட்டும் வரும். மருந்தை இங்கே வாங்கலாம் என்று வந்து இறங்குகிறவர்கள் பருவம் தொடங்கும் வாரத்தில் காலியான அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கிடைத்தாலும் வேறு டப்பா, ஈயக்கொல்லர் சொன்ன மாதிரி கணக்கு முதலிலிருந்து. காரிலேயே வந்துவிடுங்கள்.

---

மலைக்காற்று எழுதியது:

சரி அக்கா, கார்தான். ஐஸ் பெட்டி வைக்கவும் இடம் வேண்டுமே.